சண்டையில் ஏறிய சார்ஜ்

புயல் போன மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்கு, கம்பமெல்லாம் சாய்ந்து கம்பியெல்லாம் சேற்றில் கிடந்த எங்கள் தெருவில், மின்சாரம் என்ற பேச்சுக்கே இடமில்லாத ஒரு வீட்டில், தையல்நாயகி செய்து வைத்திருந்த சார்ஜர் ஓடத் தொடங்கியது. ஏன் ஓடியது என்று கேட்பவர்களுக்கு எங்களிடம் பதில் இல்லை, அன்றைக்கு அதைக் கேட்க எங்களுக்கு நேரமும் இல்லை. எதில் ஓடியது என்பது மட்டும் பத்து நிமிஷத்தில் புரிந்துவிட்டது. அஞ்சம்மாளும் ரெஜினாவும் போட்ட சண்டையில் ஓடியது.

உப்பளத்துக்கும் ஊருக்கும் நடுவே பன்னிரண்டு வீடு உள்ள தெரு எங்களுடையது, அளக்குடி கடைசித் தெரு என்றால் பஸ்காரர்களுக்குத் தெரியும். தையல்நாயகிக்கு நாற்பத்தைந்து வயது, எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவில் அந்த வருஷத்து முதல் மாணவி, தெரு முனையில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறாள். அவள் கணவர் அமிர்தலிங்கம் இருபது வருஷம் உப்பு அரவை மில்லில் மூட்டை தைத்தவர். தைத்த மூட்டையெல்லாம் லாரியேறிப் போய்விட்டது, தூசி மட்டும் அவர் நெஞ்சில் தங்கிவிட்டது. இரண்டு வருஷமாக ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் அரை மணி நேரத்துக்கு மேல் அவரால் தாங்க முடியாது. மூக்கில் குழாயோடு ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் ஒரு சிரிப்புச் சிரிப்பார். யார் என்ன குறை சொன்னாலும் "விடு, போகட்டும்" என்பார். அப்படிப்பட்ட மனுஷரோடு சண்டை போட வழியே இல்லை, அதனால் இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வீட்டில் ஒருநாள்கூடச் சத்தம் கேட்டதில்லை. எங்கள் வீட்டுச் சண்டைகளுக்கு நடுவில் அவர்கள் பெயர் உதாரணமாக வரும்போது எங்களுக்கெல்லாம் எரிச்சலாக இருக்கும்.

ஆக்சிஜன் மெஷினுக்குக் கரண்ட் வேண்டும், கரண்ட் போனால் இன்வெர்ட்டர் வேண்டும், இன்வெர்ட்டருக்கு ஒரு பெரிய பேட்டரி வேண்டும். ஐப்பசியில் விழுந்த இடியில் இன்வெர்ட்டருக்குள் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பாகம் மட்டும் கருகிப்போனது. புது போர்டு வரப் பதினைந்து நாள் ஆகும் என்றார்கள். மழைக்காலத்தில் பதினைந்து நாள் என்றால் என்ன அர்த்தம் என்று தையல்நாயகிக்குத் தெரியும், ஆகவே கடையில் செத்துக் கிடந்த ஒரு கம்ப்யூட்டரின் வயிற்றிலிருந்து, அதற்குக் கரண்டைப் பிரித்துத் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைக் கழற்றி எடுத்தாள். கம்ப்யூட்டர் கூப்பிடாமல் அந்தப் பெட்டி விழிக்காது, அதனால் பச்சை வயரைக் கறுப்பு வயரோடு முறுக்கிக் கம்ப்யூட்டர் கூப்பிடுவதாக அதை நம்பவைத்தாள். சும்மா இருந்தால் அது நிலைகொள்ளாது, அதனால் சிவப்பு வயரில் ஒரு ரெசிஸ்டரைக் கட்டி, வேலை இருப்பதாக நம்பவைத்தாள். மஞ்சள் வயர்களில் வருவது பன்னிரண்டு வோல்ட், பேட்டரி நிறையவோ பதினாலுக்குக் கிட்டே வேண்டும். மூடியைத் திறந்து, அளவு பார்க்கும் ஐ.சி.யின் முதல் காலில் இருந்த ரெசிஸ்டரை மாற்றி, பதிமூன்று புள்ளி எட்டில் கொண்டுவந்து நிறுத்தினாள். அளவு மீறினால் தானாக அணைந்துகொள்ளும் காவல் ஒன்று உள்ளே உண்டு, அதையும் பிடுங்கினாள். பேட்டரிக்குப் போகும் வயரின் நடுவில் ஒரு கார் ஹெட்லைட் பல்பை மாட்டினாள். கரண்ட் கட்டுமீறிப் பாயாமல் அது தடுக்கும், பாய்ந்தால் எரிந்தும் காட்டும். இதையெல்லாம் அவள் முடித்தது புதன்கிழமை சாயங்காலம், வியாழக்கிழமை புயல் வந்துவிட்டது.

புயல் எங்களிடமிருந்து என்னென்ன கொண்டுபோனது என்று சொல்ல ஆரம்பித்தால் இந்தக் கதை முடியாது. முக்கியமானது பாலம். ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். கட்டிலோடு தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் இடுப்பளவு தண்ணீரில் நான்கு மணி நேரம், அரை மணி நேரம் தாங்குகிற மனுஷருக்கு அது பாடை கட்டுவதற்குச் சமம். மைக்செட் கலியமூர்த்தியின் ஜெனரேட்டர் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. வீட்டிலிருந்த ஒற்றைச் சிலிண்டர் வெள்ளிக்கிழமையே தீர்ந்தது. தெருவில் இருந்த பைக் பேட்டரிகள், உடைந்த ஒரு டிராக்டரின் பேட்டரி, எல்லாவற்றையும் உறிஞ்சி முடித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்வெர்ட்டர் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. மல்டிமீட்டரில் பத்து புள்ளி ஒன்பது வோல்ட். பத்து புள்ளி ஐந்துக்கு வந்தால் இன்வெர்ட்டர் அணைந்துவிடும், அதற்கப்புறம் அரை மணி நேரம்.

தையல்நாயகி கட்டிலின் காலடியில் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வயர் சுவரிலிருந்த செத்த பிளக்கில் செருகியபடியே இருந்தது. கரண்ட் எந்த நேரமும் வரலாம் என்று செருகி வைத்தது, எடுக்க மனமில்லாமல் விட்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் கஞ்சி கொண்டுவந்த அஞ்சம்மாளும், வெந்நீர் கொண்டுவந்த ரெஜினாவும் வாசலில் நேருக்கு நேர் வந்தார்கள். பக்கத்துப் பக்கத்து வீடு, பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ரெஜினா வீட்டு முருங்கை மரம் புயலில் அஞ்சம்மாள் சமையற்கட்டின் மேல் விழுந்திருந்தது.

"மூணு வருசமா ஆள் விட்டுச் சொன்னேன், கெளைய வெட்டு வெட்டுன்னு," என்றாள் அஞ்சம்மாள், யாரையும் பார்க்காமல். "கேட்டாத்தானே."

"காய் பறிச்சுக் கொழம்பு வச்சப்ப யாரும் வெட்டச் சொல்லலியே," என்றாள் ரெஜினா, அவளும் யாரையும் பார்க்காமல்.

"ரெண்டு காய்க்கு என் கூரையை எடுத்துக்கிட்டியா?"

"கூரையப் பத்திப் பேசாதீங்க. உங்க மவ சடங்குக்குத் தெருவையே கூப்புட்டு, நடுவுல இருக்க என் வீட்டை மட்டும் தாண்டிப் போனீங்களே, அன்னிக்கு நான் எங்கிட்டு மூஞ்ச வச்சுக்கிட்டு நின்னேன்னு தெரியுமா?"

அப்போது பெட்டிக்குள் இருந்த சின்ன விசிறி கிர்ரென்று சுற்றியது. ஹெட்லைட் பல்பு எரிந்தது, மூன்று நாளாக இருட்டாகக் கிடந்த அந்த அறையில் கண் கூசியது. மீட்டரில் பதினொன்று, பதினொன்றரை, பன்னிரண்டு என்று ஏறியது. பீப் சத்தம் நின்றதும் சண்டைக்காரர்களும் நின்றார்கள், உடனே விசிறியும் நின்றது. தையல்நாயகி பல்பைப் பார்த்தாள், அவர்கள் இருவரையும் பார்த்தாள், கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அக்கா, நிறுத்தாதீங்க. ரெஜினா, சடங்கப் பத்திச் சொல்லு, விடாத."

இப்படித்தான் ஆரம்பித்தது. மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது, யாரும் வாயைப் பிளக்கவில்லை. கரண்ட் இல்லாத ஊரில் ஏதோ ஒன்றில் ஓடுகிறதே, அதுவரைக்கும் சரி என்றுதான் நினைத்தோம். கலியமூர்த்தி, கோயில் திருவிழாவில் எந்த நாள் யார் மண்டகப்படி என்று வருஷா வருஷம் எழுதுகிறவர், ஒரு கல்யாணப் பத்திரிகையின் முதுகில் முறை எழுதினார். காலை ஆறு மணிக்கு அஞ்சம்மாள், ரெஜினா. எட்டு மணிக்கு நானும் என் தம்பியும், அப்பாவின் காரியத்துக்கு அவன் ஒருநாள் பிந்தி வந்த விஷயம். பத்து மணிக்கு மூன்றாம் வீட்டு மாமியார், மருமகள். சாயங்காலம் கட்சிக்காரர்கள் இரண்டு பேர். வீட்டில் சண்டை போட்டு யாரும் வீணாக்கக் கூடாது, எதுவாக இருந்தாலும் அமிர்தலிங்கம் வீட்டுக்கு வந்துதான் கோபப்பட வேண்டும் என்று கலியமூர்த்தி தெருவில் சொல்லிக்கொண்டே போனார்.

போகப் போக அதன் குணம் எங்களுக்குப் பிடிபட்டது. நடிப்புச் சண்டைக்கு அது அசையாது, கூத்துக் கட்டிப் பழகிய ஒருவர் தொண்டை கிழியக் கத்திப் பார்த்தும் விசிறி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதிரில் ஆள் இருக்க வேண்டும். அரசாங்கத்தைத் திட்டினால் முதல் நாள் கொஞ்சம் ஏறியது, மறுநாள் ஏறவில்லை, நேரில் வந்து பதில் சொல்ல ஆளில்லாத கோபம் அப்படியே ஆறிப்போகிறது. புதுக் கோபம் சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கியது, வருஷக்கணக்கில் உள்ளே கிடந்த கோபமோ மெதுவாக ஏறி நின்று நிதானமாகத் தந்தது. சாதாரணமாக ஐந்து மணி நேரம் தாங்குகிற பேட்டரி, ரெஜினாவின் சடங்குக் கோபத்தில் மறுநாள் விடியும்வரை தாங்கியது. பத்து ஆம்பியருக்கு மேல் தர முடியாத பெட்டி அது என்று தையல்நாயகிக்குத் தெரியும், ஆனாலும் அவள் அதை எங்களிடம் சொல்லவில்லை, பெட்டியிடமும் சொல்லவில்லை.

அமிர்தலிங்கம்தான் பாவம், கூச்சத்தில் நெளிந்தார். தனக்காக ஊரே அடித்துக்கொள்கிறது என்று, ஒவ்வொரு சண்டை முடிந்ததும் குழாயை ஒதுக்கிக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க, உடம்பப் பாத்துக்கங்க" என்பார்.

ஒரு குணத்தை மட்டும் நாங்கள் தாமதமாகத்தான் கண்டுபிடித்தோம். பேட்டரிக்குள் போன கோபம் திரும்பி வருவதில்லை. கத்தி முடித்து வெளியே வரும்போது நெஞ்சு துடைத்துவிட்டாற்போல் இருந்தது. முதலில் அது நல்லதாகத்தான் தெரிந்தது. என் தம்பி எனக்கு ஒரு லுங்கி கொண்டுவந்து கொடுத்தான். மூன்றாம் வீட்டு மருமகள் மாமியாருக்குத் தலை வாரிவிட்டாள். ஏழாம் நாள் காலை ஆறு மணி முறைக்கு அஞ்சம்மாளும் ரெஜினாவும் ஒரே குடையில் வந்தார்கள், விழுந்த முருங்கையின் கீரையை இரண்டு பேரும் சேர்ந்து ஆய்ந்திருந்தார்கள். எதிரெதிராக உட்கார்ந்தார்கள். "என் கூரையை..." என்று அஞ்சம்மாள் ஆரம்பித்தாள், முடிக்க முடியவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. ரெஜினாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விசிறி சுற்றவில்லை. தையல்நாயகி அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

அதுவரை எங்கள் தெருவில் சமாதானம் என்று ஒன்று வந்ததே கிடையாது, வரக் கூடாத நேரம் பார்த்து வந்தது. பத்தாம் வீட்டுக்காரர் எட்டாம் வீட்டுக்காரருக்கு வேலியை விட்டுக்கொடுத்தார். கட்சிக்காரர்கள் இருவரும் ஒரே பீடியைப் பகிர்ந்துகொண்டார்கள். தெரு ஆற ஆற அந்த மீட்டர் இறங்கியது. புயல் போன எட்டாம் நாள், வெள்ளிக்கிழமை, காலையில் பன்னிரண்டு, பத்து மணிக்குப் பதினொன்றரை, மத்தியானம் பதினொன்று. யாரிடமாவது பழைய கோபம் மிச்சமிருக்கிறதா என்று கலியமூர்த்தி வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போனார். இல்லை என்று சொல்லும்போது எங்களுக்கு வெட்கமாக இருந்தது. கடைசியில் அவர் என்னைக் கூட்டிப்போய், பல்புக்கு முன்னால் நிறுத்தி, கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டார். நானும் திருப்பி விட்டேன். இரண்டு பேருக்கும் கன்னம் வலித்ததுதான் மிச்சம்.

தையல்நாயகியும் முயன்றாள். இடியைத் திட்டினாள், போர்டு அனுப்பாத கடைக்காரரைத் திட்டினாள், எங்களைத் திட்டினாள், எங்களைத் திட்டும்போதே கண் கலங்கி, "இல்லண்ணே, நீங்கள்லாம் எவ்வளவோ செஞ்சீங்க" என்றுவிட்டாள். எதையும் விழுங்கியே பழகியவளுக்குக் கோபப்பட வரவில்லை. மூன்று மணிக்கு இன்வெர்ட்டர் மறுபடியும் பீப் பீப் என்றது. பத்து புள்ளி ஒன்பது.

நாங்கள் வெளியே வந்து நின்றோம். வேறென்ன செய்வது. அந்த ஜன்னலின் கதவைப் புயல் கொண்டுபோயிருந்தது, அதனால் நாங்கள் ஒட்டுக் கேட்டோம் என்று யாரும் சொல்ல முடியாது.

"நாயகி," என்றார் அமிர்தலிங்கம். "உனக்குக் கோவம் வர்ற மாதிரி ஒண்ணு எங்கிட்ட இருக்கு."

"பேசாதீங்க. மூச்ச வீணாக்காதீங்க."

"ஒனக்கு வேலைக்கு லெட்டர் வந்துச்சு."

"எந்த லெட்டர்?"

"ஓசூர் லெட்டர். டி.வி. செய்யிற கம்பெனி. நீ இன்டர்வியூவுக்குப் போயிட்டு வந்தியே."

பீப் சத்தம் மட்டும் கேட்டது. அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கல்யாணமாகி இரண்டாவது வருஷம், ஆடி மாசம், லீவு ஆளாக வந்த ஒரு தபால்காரர் மில் வாசலில் வைத்து அவர் கையில் கொடுத்தார். பிரித்துப் படித்தார். பதினைந்து நாளில் வந்து வேலையில் சேரச் சொல்லியிருந்தது. அன்றைக்குத் தைத்த ஒரு மூட்டைக்குள் அதை மடித்துப் போட்டு, வாயைச் சேர்த்துத் தைத்துவிட்டார். சாயங்காலம் மூட்டை லாரியேறிப் போய்விட்டது.

"எந்த ஊருக்குப் போன லாரி?" என்று கேட்டாள். அதை ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"தெரியல நாயகி."

பத்து புள்ளி ஏழு. பல்பு எரியவில்லை. அவள் விரல் விட்டு எண்ணுவது ஜன்னல் வழியே எங்களுக்குத் தெரிந்தது.

"ஆடி மாசமா?"

"ஆமா."

"நான் பங்குனி வரைக்கும் போஸ்ட் ஆபீஸ் வாசல்ல நின்னேன். தெனமும் பதினோரு மணிக்கு. பெயிலாயிட்டேன் போலருக்குன்னு உங்ககிட்ட அழுதேன்."

"ஆமா."

"கார்த்திகை மாசம் மழை கொட்டுச்சு. நனையாதன்னு நீங்க குடை கொண்டாந்து குடுத்தீங்க."

அமிர்தலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

"லெட்டர் வராதுன்னு தெரிஞ்சுக்கிட்டே குடை கொண்டாந்தீங்க."

விசிறி அசைந்தது. பல்பின் கம்பி முதலில் சிவந்தது.

"நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்னு பயமா இருந்துச்சு," என்றார்.

"உங்கள விட்டுட்டா போயிருப்பேன்? உங்களையும் கூட்டிக்கிட்டுத்தான் போயிருப்பேன். அந்த மில்லுக்குத் தலமுழுகிட்டு வந்திருப்பீங்க. இந்தக் கொழாய் இன்னிக்கு உங்க மூக்குல இருந்திருக்காது. என் வேலைய மட்டுமா தச்சீங்க மூட்டையில? உங்க நெஞ்சையும் சேத்துத்தானே தச்சீங்க."

அவள் குரல் உயரவே இல்லை. ஆனால் எட்டு நாளில் நாங்கள் யாரும் பார்க்காத வெளிச்சம் ஜன்னல் வழியே தெருவில் வந்து விழுந்தது, சேற்றில் எங்கள் நிழல் தெரிந்தது. மீட்டர் பன்னிரண்டைத் தாண்டி, பதிமூன்றைத் தாண்டி, பதிமூன்று புள்ளி எட்டில் போய் நின்றது. காவலைப் பிடுங்கிப்போட்ட பெட்டி அது, தடுக்க ஆளில்லை. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் எங்களுக்கு வேறு வேலை வந்தது. அவள் கோபத்துக்குக் காவல் இருக்கும் வேலை. புருஷன் பெண்டாட்டி என்றால் சமாதானம் செய்துவைத்தே பழகிய தெரு, இப்போது வாசலில் நின்று சமாதானத்தைத் தடுத்தது. அவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை யாரும் சொல்லக் கூடாது. "பாவம் அந்த மனுசன், பயந்துதானே" என்று ஆரம்பித்த ரெஜினாவை அஞ்சம்மாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "அவளுக்கு ஆறுதல் சொல்றேன்னு அவரக் கொன்னுறாத" என்றாள். தையல்நாயகி எப்போதும்போல் அவருக்கு வெந்நீரில் துணி நனைத்து உடம்பு துடைத்தாள், கஞ்சி புகட்டினாள், காதுக்குப் பின்னால் குழாய் அறுத்த இடத்தில் தேங்காயெண்ணெய் தடவினாள். கை பழைய கைதான், முகம் மட்டும் அவர் பக்கம் திரும்பவில்லை. பல்பு எரிந்துகொண்டே இருந்தது.

அவரால்தான் பொறுக்க முடியவில்லை. சொல்லித் தீர்த்தவருக்கு அடுத்ததையும் கேட்டுத் தீர்க்க வேண்டியிருந்தது.

"நாயகி, நான் பண்ணுனது பெரிய..."

"சொல்லாதீங்க."

"ஒரே ஒரு தடவ..."

பல்பு மங்கியது. பதிமூன்று, பன்னிரண்டரை. அவள் எழுந்து அவர் வாயைக் கையால் பொத்தினாள், மூக்கைத் தொடாமல் பொத்தினாள்.

"இப்ப மன்னிப்புக் கேக்காதீங்க. கேட்டீங்கன்னா எனக்கு மனசு எளகிரும். எளகுனா நீங்க செத்துருவீங்க. வாய மூடிக்கிட்டு மூச்சு விடுங்க."

அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, அவள் கோபத்தை இழுத்து இழுத்து மூச்சு விட்டார். இதைவிடப் பெரிய தண்டனை ஒரு மனுஷனுக்குக் கொடுக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை, இதைவிடப் பெரிய உபகாரமும் செய்ய முடியாது.

பத்தாம் நாள் மத்தியானம் அவர் தூங்கினார். தூக்கத்தில் அவர் வலது கை சாக்கில் ஊசி கோத்து இழுப்பதுபோல் மேலே போய்க் கீழே வந்தது. இருபது வருஷப் பழக்கம். தையல்நாயகி அந்தக் கையைப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. அந்தக் கைதான் அவளுக்கு முதல் சால்டரிங் அயர்ன் வாங்கிக் கொடுத்தது, கடைக்குப் பெயர்ப்பலகை எழுதி மாட்டியது, அதெல்லாம் அன்பில் செய்ததா பயத்தில் செய்ததா என்று பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை. விசிறி தடுமாறியது. பன்னிரண்டு, பதினொன்றரை, பதினொன்று புள்ளி இரண்டு. அவள் விருட்டென்று எழுந்து வெளியே வந்து, தூறலில், போஸ்ட் ஆபீஸ் இருக்கும் திசையைப் பார்த்து நின்றாள். நாங்கள் விலகி வழி விட்டோம். அவள் உதடு அசைந்தது.

"ஆடி," என்றாள். "ஆவணி. புரட்டாசி. ஐப்பசி."

வீட்டுக்குள் பல்பு எரியவில்லை.

"கார்த்திகை. குடை. மார்கழி. தை. தைப் பொங்கலுக்கு மறுநாள் லீவு, அன்னிக்கும் போயி நின்னேன். மாசி. பங்குனி."

மறுபடியும் ஆடியிலிருந்து ஆரம்பித்தாள். மூன்றாவது சுற்றில், புரட்டாசியில், விசிறிச் சத்தம் கேட்டது. அவள் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே நின்றாள். ரெஜினா ஒரு குடையை எடுத்துக்கொண்டு போனவள், பாதியில் புத்தி வந்து, அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். அன்று இருட்டும்வரை தையல்நாயகி மழையில் மாசங்களைச் சொன்னாள், நாங்கள் நனைந்துகொண்டே காவல் நின்றோம்.

பதினோராம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு, எங்கிருந்தோ வந்த லைன்மேன்கள் கம்பம் நட்டுக் கம்பியிழுத்து, கரண்ட் வந்தது. பன்னிரண்டு வீட்டிலும் ஃபேன் சுற்றியது, யார் வீட்டிலோ நின்றுபோயிருந்த டி.வி. பாதிப் பாட்டிலிருந்து பாடியது. நாங்கள் எல்லோரும் அமிர்தலிங்கம் வீட்டுக்குத்தான் ஓடினோம். தையல்நாயகி ஆக்சிஜன் மெஷினின் வயரை இன்வெர்ட்டரிலிருந்து பிடுங்கிச் சுவரில் செருகினாள், அது சீராக ஓடுவதைக் காதை வைத்துக் கேட்டாள். பிறகு எஸ்.எம்.பி.எஸ். பக்கம் திரும்பினாள். அது இப்போது மின்வாரியத்துக் கரண்டில், எந்தப் பெட்டியும் ஓடுவதுபோல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, முதல் தடவையாக, வாய்விட்டு அழுதாள்.

அழுது முடியும்வரை அமிர்தலிங்கம் காத்திருந்தார்.

"நாயகி, இப்பக் கேக்கலாமா?"

அஞ்சம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரெஜினாவின் கையைப் பிடித்தாள். கேட்கட்டும், இனிமேல் கேட்டால் என்ன என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். தையல்நாயகி முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, ரேடியோவுல என்ன சொன்னாங்க?"

எனக்குச் சொல்ல விருப்பமில்லை, ஆனாலும் சொன்னேன். "அந்தமான் பக்கம் இன்னொண்ணு உருவாகியிருக்காம். அடுத்த வாரம் எந்தப் பக்கம் திரும்பும்னு தெரியலயாம்."

அவள் எழுந்து கட்டிலருகே போனாள்.

"இன்னும் மழைக்காலம் முடியல," என்றாள். "எங்கிட்ட ஒரு பேட்டரிக்கு ஆகுற அளவு மிச்சமிருக்கு. அதத் தொடாதீங்க. தை மாசம் கேளுங்க."

அவர் சரி என்று தலையசைத்தார். அசைத்ததில் மூக்குக் குழாய் நழுவியது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே, கையால் தடவிப் பார்த்து, அதைச் சரியாக மாட்டிவிட்டாள்.